ஐந்து நாழிகைக்கு ஒருமுறை

மாசி பிறந்து புளி உலுக்கும் காலம் வந்துவிட்டால், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களில் ஆண்கள் துறட்டுக்கோலோடு மரத்தின் மேலும், பெண்கள் கூடையோடு மரத்தடியிலுமாக இருப்பது தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் காட்சி. அப்படிப்பட்ட ஒரு மாசி மாதத்து முற்பகலில், இருபது ஆண்டுகளுக்கு முன்னால், ஊர்ப் பொதுமரம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்த என் சித்தப்பா, கால் ஊன்றிய கிளை முறிந்து, இருபதடி உயரத்திலிருந்து கீழே விழுந்தார். நினைவு தப்பவில்லை, ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. "காலை யாரோ கட்டிப் போட்டாப்பல இருக்குது, அவுத்து விடுங்கடா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அவருடைய கால்களை யாரும் கட்டியிருக்கவில்லை.

அங்கே நின்றவர்கள் நான்கு பேர், கைப்பக்கம் இருவரும் கால்பக்கம் இருவருமாகப் பிடித்து, நடுவுடல் தூளியைப் போல வளைந்து தொங்க அவரைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஓர் ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பதற்றத்தினாலும் பாசத்தினாலும் செய்த காரியம் அது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முறிந்த முதுகெலும்பின் கூர்முனை உள்ளே இருக்கும் மெல்லிய வடத்தை அந்தப் பயணத்தில் இன்னும் எத்தனை முறை குத்தியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கும் அறிவை எங்களில் எவருக்கும் யாரும் கற்றுத் தந்ததில்லை. பிறகு பெரிய ஊர் ஒன்றின் பெரிய ஆஸ்பத்திரி. அதன் பெயர் இங்கே வேண்டாம். திருகாணிகளும் கம்பிகளும் வைத்து எலும்பை நேர்த்தியாக நிமிர்த்தினார்கள். படங்களும் சீட்டுகளும் அடங்கிய கனத்த உறையொன்றைக் கொடுத்து, ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று சொல்லி, பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். மூன்றாம் வாரம் அறையில் ஒரு துர்நாற்றம் எழுந்தது. புரட்டிப் பார்த்தால், இடுப்புக்குக் கீழே, வால் எலும்புக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்த புண்.

அந்தப் புண்ணோடுதான் அவர் வேலூரை அடுத்த பாகாயத்திலுள்ள மறுவாழ்வு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்த செவிலியம்மாள் ஒருவர் புண்ணைப் பார்த்துவிட்டு, முகத்தில் வியப்போ கோபமோ காட்டாமல், என் சித்தியிடம், "ஏம்மா, ராத்திரியில எத்தனை தடவை இவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"எதுக்குத் திருப்பணும்?" என்றாள் சித்தி.

இந்தக் கட்டுரை எழுதப்படுவதே அந்த ஒரு கேள்வியின் பொருட்டுத்தான். முதுகுத் தண்டில் அடிபட்டவனைப் படுத்த நிலையிலேயே விட்டுவிடாமல், இரண்டு மணிக்கு ஒருமுறை இடப்பக்கம், வலப்பக்கம், மல்லாக்க என்று மாற்றி மாற்றிக் கிடத்த வேண்டும். நம் முன்னோர் கணக்கில் நாழிகை என்பது 24 நிமிஷம். ஐந்து நாழிகை சேர்ந்தால் பிசகாமல் இரண்டு மணி. மெத்தையின் தரத்தையும் நோயாளியின் தோலையும் பொறுத்து இந்தக் கணக்கை இன்று சற்றே கூட்டியும் குறைத்தும் கொள்கிறார்கள் என்றாலும், தண்டுவடச் சிகிச்சையின் சரித்திரத்தில் இந்த ஐந்து நாழிகையைப் போல இத்தனை உயிர்களைக் காத்த மருந்தோ கத்தியோ இல்லை என்பது என்னுடைய துணிவான அபிப்பிராயம். அந்த மருந்தைக் கொடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் மருத்துவரிடம் இருப்பதில்லை; பாயை விரித்துக் கட்டிலடியில் படுத்திருக்கும் ஒரு மனைவியிடமோ தாயிடமோ இருக்கிறது.

தண்டுவடம் என்பது மூளையின் அடிப்பாகத்திலிருந்து புறப்பட்டு, முதுகெலும்புகளின் நடுவே உள்ள துவாரத்தின் வழியாக இறங்கி, இடுப்பெலும்பின் முதற் கணுவை ஒட்டி முடிந்துவிடும் ஒரு வெண்ணிறக் கயிறு. நீளம் சுமார் 45 சென்டிமீட்டர், பருமன் சுண்டுவிரலளவு. அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிந்து உடலெங்கும் போகின்றன. கையை அசை என்ற கட்டளை அதன் வழியே இறங்குகிறது. சுடுகிறது, குத்துகிறது, அழுத்துகிறது என்ற செய்தி அதன் வழியே ஏறுகிறது. அது எந்த உயரத்தில் நசுங்குகிறதோ அந்த உயரத்துக்குக் கீழே உடல் ஊமையாகிவிடும். கழுத்தின் நடுவே அடிபட்டால் மூச்சை இழுக்கும் உதரவிதானமே தடுமாறும். கழுத்தின் அடிப்பாகத்தில் என்றால் தோளும் முழங்கையும் தப்பி விரல்கள் போகும். நெஞ்சுப் பகுதியிலோ இடுப்புப் பகுதியிலோ என்றால் கைகள் முழுவதும் பிழைத்துக்கொள்ள, கால்களும், அவற்றோடு மலஜலக் கட்டுப்பாடும் போய்விடும். இந்தக் கடைசி விஷயத்தைப் பற்றி நம் ஜனங்கள் வாய்விட்டுப் பேசுவதில்லை. கால் போனது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள்.

அடிபட்ட கணத்தில் நேரும் சேதம் ஒன்று. அதற்குப் பின்வரும் மணிகளில் வீக்கத்தாலும் ரத்த ஓட்டக் குறைவாலும் சிறுகச் சிறுகப் பரவும் சேதம் மற்றொன்று. முதலாவதை எவராலும் திருப்பி எடுக்க முடியாது. இரண்டாவதைத் தடுக்கத்தான் அவசர சிகிச்சை முழுவதும் ஏற்பட்டிருக்கிறது. ஆகையால்தான் விழுந்தவனை உட்கார வைக்கவோ வளைக்கவோ கூடாது. ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் ஒரே சமயத்தில், உருட்டுக் கட்டையை உருட்டுவதுபோல, உடலை ஒரே வரிசையாகத் திருப்பிப் பலகை ஒன்றின்மேல் கிடத்த வேண்டும். கதவுப் பலகை கிடைத்தால் அதுவும் போதும். தமிழ்நாட்டில் 2008-லிருந்து 108 வண்டி ஓடுகிறது. சாலை விபத்தானால் முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும் திட்டமும் 2021 டிசம்பரில் வந்திருக்கிறது. ஆனால் புளியமரத்தடியிலும் கிணற்று மேட்டிலும் கட்டடச் சாரத்தின் அடியிலும் முதலில் வந்து நிற்பவர்கள் அக்கம்பக்கத்தார்தாம்; வண்டி வரும்வரை தூக்காமல் இருப்பது அவர்களுக்கு எவ்வளவு கடினமான தவம் என்பதை நான் கண்ணால் கண்டவன்.

அறுவை சிகிச்சையைப் பற்றி ஒரு மயக்கம் பரவலாக இருக்கிறது. கம்பி வைத்தாகிவிட்டது, இனி நடந்துவிடுவார் என்று உறவினர்கள் நம்புகிறார்கள். கம்பி வைப்பது எலும்புக்கு, வடத்துக்கு அன்று. எலும்பு அழுத்திக்கொண்டிருந்தால் அந்த அழுத்தத்தை நீக்கலாம், ஆடிக்கொண்டிருந்தால் நிலைநிறுத்தலாம். 24 மணி நேரத்துக்குள் அதைச் செய்வது நலம் என்ற கருத்தும் இப்போது வலுப்பெற்றிருக்கிறது. நசுங்கிய வடத்தைத் தைத்து ஒட்ட எந்த ஊசியும் இல்லை. 1990-ல் மிகுந்த அளவில் ஸ்டீராய்டு மருந்தை ஏற்றினால் பலன் உண்டு என்ற செய்தி வந்து உலகமெங்கும் அது வழக்கமாயிற்று; பிறகு பலனைவிடப் பக்கவிளைவே மிகுதி என்று கண்டு, 2013-ல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் சங்கங்கள் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டன. வடம் முழுவதும் துண்டிக்கப்பட்டதா, சில இழைகளாவது எஞ்சியிருக்கின்றனவா என்பதை அறிய மருத்துவர் ஒரு குண்டூசியையும் கொஞ்சம் பஞ்சையும் எடுத்துக்கொண்டு உடலெங்கும் தொட்டுப் பார்க்கிறார். மலத்துவாரத்தைச் சுற்றியுள்ள தோலில் ஓர் உணர்ச்சி மிஞ்சியிருந்தால் அவர் முகம் தெளிகிறது. பாதை முழுவதும் அடைபட்டுவிடவில்லை என்பதற்கு அது சாட்சி. மீட்சியின் பெரும்பகுதி முதல் ஆறு ஒன்பது மாதங்களில் நடந்துவிடும். அதற்குமேல் வருவது மெல்ல மெல்ல வரும்.

எகிப்து நாட்டில் சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன்பு பாப்பிரஸ் தாளில் படியெடுக்கப்பட்டு, வாங்கியவரின் பெயரால் எட்வின் ஸ்மித் சுவடி என்று வழங்கிவரும் வைத்திய நூலில், கழுத்தெலும்பு நழுவியவனைப் பற்றிய குறிப்பு ஒன்று இருக்கிறது. கையும் காலும் உணர்வற்றுப் போவதையும், அவன் அறியாமலே சிறுநீர் சொட்டுவதையும் கூர்ந்து கவனித்து எழுதிய அந்த வைத்தியர், இது சிகிச்சை செய்யத் தகாத நோய் என்று தீர்ப்புச் சொல்லி முடிக்கிறார். அவரிடம் நேர்மை இருந்தது. வியப்பு என்னவென்றால், அந்தத் தீர்ப்பு இருபதாம் நூற்றாண்டின் பாதி வரைக்கும் ஏறக்குறைய மாறாமல் நின்றதுதான். முதல் உலக யுத்தத்தில் தண்டுவடம் அறுபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்தார்கள். அவர்களைக் கொன்றது குண்டு அன்று. படுக்கைப் புண்ணிலிருந்தும் சிறுநீர்ப் பையிலிருந்தும் ரத்தத்தில் ஏறிய விஷம்.

1917-ல், அன்றைய ஜெர்மனியின் கிழக்கெல்லையிலிருந்த கோனிக்ஸ்ஹியூட்டே என்ற சுரங்க ஊரின் ஆஸ்பத்திரியில், பதினெட்டு வயது நிரம்பாத ஓர் இளைஞன் சிற்றாளாக வேலை செய்துகொண்டிருந்தான். முதுகு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவனைக் கொண்டுவந்து போட்டார்கள். நல்ல கட்டுமஸ்தான வாலிபன். அவனுடைய விவரங்களை எழுதிவைக்கப் போன சிற்றாளிடம், அதற்கெல்லாம் சிரமப்படாதே, சில வாரங்களில் போய்விடுவான் என்று மூத்தவர்கள் சொன்னார்கள். ஐந்து வாரத்தில் போயும்விட்டான். லுட்விக் குட்மான் என்ற அந்தச் சிற்றாள் பிற்காலத்தில் நரம்பு அறுவையில் ஜெர்மனியின் முன்னணி நிபுணர்களில் ஒருவரானார்; யூதராகப் பிறந்த காரணத்தால் நாட்டைவிட்டு 1939-ல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தார். நார்மண்டிக் கரையில் படை இறங்கும்போது முதுகு முறிந்தவர்கள் ஏராளமாக வருவார்கள் என்று கணக்கிட்ட பிரிட்டிஷ் அரசாங்கம், 1944 பிப்ரவரி 1-ஆம் தேதி, ஐல்ஸ்பரிக்கு அருகே ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்தில் தண்டுவடப் பிரிவு ஒன்றைத் திறந்து அவரிடம் ஒப்படைத்தது. பிழைக்க மாட்டார்கள் என்று எல்லோரும் முடிவுகட்டிய நோயாளிகளை, அகதியாக வந்த ஒரு மருத்துவரிடம் கொடுத்ததில் பெரிய தாராளம் எதையும் நான் காணவில்லை. வேறு யாரும் விரும்பாத வேலை அது.

மாவுக்கட்டில் இறுக்கப்பட்டு, கட்டுக்குள்ளேயே அழுகிய புண்களோடு நோயாளிகள் வந்து சேர்ந்தார்கள். குட்மான் முதலில் செய்த காரியம் அந்த மாவுக்கட்டை உடைத்தது. இரண்டாவது காரியம், பகலென்றும் இரவென்றும் பாராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு நோயாளியையும் திருப்பிப் போட வேண்டும் என்று உத்தரவிட்டது. உத்தரவோடு நில்லாமல், நடுநிசியில் தாமே வார்டுக்குள் வந்து நின்று திருப்புகிறார்களா என்று பார்ப்பாராம். அவரோடு வேலை செய்தவர்கள் அவரைக் கொடுங்கோலர் என்று திட்டியதும் உண்டு. நோயாளிகள் அவரை அப்பா என்றே அழைத்தார்கள்.

இந்தத் திருப்புதலின் நியாயம் எளியது. தோலுக்கு உணவு கொண்டுபோகும் மயிரிழைக் குழாய்களில் ரத்தத்தின் அழுத்தம் பாதரசக் கணக்கில் சுமார் 32 மில்லிமீட்டர்தான். எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே சதை நசுங்கும்போது ஏற்படும் அழுத்தம் அதைவிடப் பல மடங்கு. நாமெல்லாம் உறங்கும்போதும் புரண்டு புரண்டு படுக்கிறோம். நம்மைப் புரட்டுவது நம் தோலின் முறையீடு. ஒரே நிலையில் சற்று நேரம் உட்கார்ந்தாலே இருப்புக் கொள்ளாமல் நெளிகிறோமே, அந்த நெளிவுதான் நம் உடலைக் காக்கும் காவற்காரன். தண்டுவடம் அறுந்தவனிடம் அந்தக் காவற்காரன் இறந்துவிடுகிறான். சதை பட்டினியால் செத்துக்கொண்டிருக்கும்போதும் அவனுக்கு ஒரு வலியும் தெரிவதில்லை. ஹாலிவுட்டில் சூப்பர்மேனாக நடித்துப் புகழ்பெற்று, 1995-ல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்து முறிந்த கிறிஸ்டோபர் ரீவ், உலகத்தின் உயர்ந்த வைத்தியமெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், 2004-ல் படுக்கைப் புண்ணில் நச்சேறிச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த சமயத்திலேயே இதயத் துடிப்பு நின்று காலமானார் என்பதை நினைத்தால், ஒரு சிறு சிவப்புத் தடிப்பை அலட்சியம் செய்யக்கூடாது என்று பாகாயத்துச் செவிலியர் ஏன் அத்தனை பிடிவாதமாக இருந்தார் என்பது விளங்கும்.

சிறுநீரின் கதையும் இதே போன்றதுதான். கட்டளை வராத சிறுநீர்ப் பை நிரம்பி வழியும், அல்லது எதிர்த்து அழுத்திச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நிரந்தரமாக ஒரு குழாயைச் செருகி வைத்தால் கிருமி குடியேறும். குட்மான் காலத்தில், மிகுந்த தூய்மையோடு, வேளாவேளைக்குக் குழாய் விட்டு வடித்து உடனே எடுத்துவிடும் முறை கைக்கொள்ளப்பட்டது. ஆனால் அதற்கு ஆஸ்பத்திரியும் கையுறையும் வேண்டியிருந்தன. 1972-ல் அமெரிக்காவில் ஜாக் லாபிடெஸ் என்ற மருத்துவர், அத்தனை ஆசாரம் தேவையில்லை, சோப்பில் கை கழுவி, கழுவிய குழாயை நோயாளி தாமே விட்டு, நாலு முதல் ஆறு மணிக்கு ஒருமுறை வடித்துக்கொண்டால் போதும் என்று காட்டினார். பை அளவு மீறி விரியாமல் இருப்பதுதான் முக்கியம். மகாசபைகளில் கைதட்டல் வாங்கும் கண்டுபிடிப்பாக இது தோன்றாது. கிராமத்துக் கொல்லைப்புறத்தில், ஒரு சோப்பும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் தன் சிறுநீரகத்தைக் காத்துக்கொள்ளலாம் என்றால், அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

இனி வேலூர். கொல்லிமலையில் 1914-ல் ஆங்கிலப் பாதிரி தம்பதிக்குப் பிறந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை நிபுணராக வந்து சேர்ந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்று அதுவரை உலகம் நம்பியிருந்தது. அவரோ கவனித்துக் கவனித்து, அவர்களுக்கு வலி தெரியவில்லை, ஆகையால் சுடுவதையும் வெட்டுவதையும் அழுத்துவதையும் உணராமல் தங்கள் கைகால்களைத் தாங்களே அழித்துக்கொள்கிறார்கள் என்று கண்டார். வலி என்பது சாபமா வரமா என்று வேதாந்திகள் விவாதிக்கட்டும். வலி இல்லாத சரீரம் எப்படி அழிகிறது என்பதை வேலூர் தொழுநோயாளியின் பாதத்திலிருந்து கற்றுக்கொண்டது. அந்தப் பாடம் முதுகு முறிந்தவனின் முதுகுக்கும் எழுத்துப் பிசகாமல் பொருந்தும்.

அங்கே படித்து மருத்துவரான மேரி வர்கீஸ், கொச்சியை அடுத்த செராயியில் 1925-ல் பிறந்தவர். 1954 ஜனவரி 30-ஆம் தேதி நண்பர்களோடு உல்லாசப் பயணம் போன வண்டி கவிழ்ந்ததில் முகத்தில் ஆழ்ந்த காயம்பட்டது; இடுப்புக்குக் கீழே உடல் செயலிழந்தது. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்றிருந்த பெண் அவர். இனி என்ன செய்வது என்ற கேள்விக்குப் பிராண்ட் கொடுத்த விடை விசித்திரமானது: நின்றுகொண்டு செய்யும் அறுவை உனக்கு முடியாது, கை அறுவையை உட்கார்ந்துதானே செய்கிறோம்? சக்கர நாற்காலியில் அமர்ந்து, தொழுநோயால் மடங்கிய விரல்களுக்குத் தசைநார் மாற்றி வைக்கும் நுட்பமான அறுவையை மேரி வர்கீஸ் கற்றுக்கொண்டார். தம் பாதத்தில் முள் தைத்தாலும் அறியாத ஒரு பெண், தம் விரலில் நெருப்புப் பட்டாலும் அறியாத ஒருவனின் கையை எடுத்து மடியருகே வைத்துக்கொண்டு சீர்செய்யும் அந்தக் காட்சியை நான் கண்டதில்லை. ஆனால் பாகாயத்துத் தாழ்வாரத்தில் நடந்தபோதெல்லாம் அது என் மனக்கண்ணில் வந்து நின்றது.

பிறகு அவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தமக்கான மறுவாழ்வுப் பயிற்சி பெற்று, நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்ற ஆசானிடம் இந்தத் துறையையே சாஸ்திரமாகப் பயின்று திரும்பினார். 1963-ல் வேலூரில் இதற்கென்று ஏற்பட்ட துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-ல் நோயாளிகள் தங்கியிருந்து பயிலும் நிலையம் எழுந்தது; இந்தியாவில் இத்தகையவற்றில் முதலாவது என்று அதைச் சொல்வார்கள். 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1986-ல் மறைந்தார்.

சித்தப்பா போய்ச் சேர்ந்த அந்த நிலையத்தில் நோயாளி தனியாகப் போய்த் தங்குவதில்லை; வீட்டிலிருந்து ஒருவர் கூடவே தங்க வேண்டும், கற்றுக்கொள்வதும் இருவரும் சேர்ந்துதான். சித்தி அங்கே மாணவியானாள். பக்கவாட்டில் சாய்க்கும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைப்பது, குதிகால் மெத்தையில் படாமல் தாங்குவது, காலையும் மாலையும் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து முதுகை அங்குலம் அங்குலமாகச் சோதிப்பது, உணவுக்குப் பின் குடல் தானாக அசையும் நேரம் பார்த்து மலங்கழிக்கப் பழக்குவது என்று ஒவ்வொன்றாகக் கற்றாள். ஊரில் ஒத்தடம் கொடுக்கிறேன் என்று உணர்ச்சியற்ற காலில் வெந்நீர்ப் புட்டியை வைத்துக் கொப்புளம் எழுப்பியது எவ்வளவு பெரிய தவறு என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டு, ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதாள்.

பக்கத்துக் கட்டிலில் கழுத்தில் அடிபட்ட கல்லூரி மாணவன் ஒருவன் இருந்தான். மணிக்கட்டை மேல்நோக்கி மடக்க மட்டும் அவனுக்கு முடியும், விரல்கள் அசையா. அவனுடைய பாட்டி எண்ணெய் தேய்த்து, மடங்கியிருந்த விரல்களையெல்லாம் நிமிர்த்தி நீவிக்கொண்டிருந்ததைக் கண்ட பயிற்சியாளர் ஓடிவந்து தடுத்தார். மணிக்கட்டு மேலே மடங்கும்போது விரல்களின் தசைநார் தானாக இழுபட்டு விரல்கள் மூடிக்கொள்ளும். மணிக்கட்டைத் தளர்த்தினால் திறந்துகொள்ளும். அந்தத் தசைநார் சற்றே இறுகியிருந்தால்தான் இந்த வித்தை நடக்கும். அன்பு மிகுந்து நீவி நீவி அதை நெகிழ்த்திவிட்டால், கரண்டி பிடிக்கக் கிடைத்த ஒரே வழியும் அடைபட்டுப் போகும். "பாட்டி, இந்த மடக்கம் உங்க பேரனோட சொத்து, அதைக் கரைச்சிடாதீங்க" என்று பயிற்சியாளர் சொன்னார். பாட்டி எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டாள். நிமிர்த்தாத விரலை வெறுமனே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஆறு மாதத்துக்கெல்லாம் சித்தப்பாவின் புண் ஆறியது. கால்களுக்கு இரும்புப் பட்டைகள் பூட்டி, கட்டைகளை ஊன்றி, இணைக் கம்பிகளுக்கு நடுவே நிற்கவும், பிறகு பத்தடி நடக்கவும் கற்றார். முதல்முறை நின்றபோது அவர் சொன்னது, "எத்தனை நாளாச்சு, எல்லாரையும் அண்ணாந்தே பாத்துக்கிட்டு" என்பது. ஆனால் ஊருக்கு வந்த பிறகு அந்தப் பட்டைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரில் தொங்கத் தொடங்கின. பத்தடி நடப்பதற்குச் செலவாகும் மூச்சில் சக்கர நாற்காலியில் கடைத்தெரு வரை போய்வந்துவிடலாம் என்று அவர் கணக்குப் பார்த்துவிட்டார். உறவினர்களுக்கு இது பெருங்குறை. "நடக்க வைக்கிறேன்னு சொல்லி அனுப்பினாங்களே" என்பார்கள். நடப்பாரா என்ற ஒரே கேள்வி மற்ற எல்லாக் கேள்விகளையும் விழுங்கிவிடுகிறது நம் ஊரில். சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா, தோல் முழுமையாக இருக்கிறதா, தானே கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுகிறானா, கையில் நாலு காசு வருகிறதா, ராத்திரி தூங்குகிறானா என்று எவரும் விசாரிப்பதில்லை. வீட்டின் நிலைப்படியை இடித்துச் சாய்தளம் போட்டபோது, வாசற்படியை இடிப்பதா என்று பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். என் சித்தி ஒரு கோலத்தைப் போட்டு அந்த ஆட்சேபத்தைத் தீர்த்துவைத்தாள்.

தென்காசியை அடுத்த ஆய்குடியில் இந்தக் கேள்விகளையெல்லாம் ஓர் ஊர் அளவுக்கு விரித்துப் பார்த்த மனிதர் இருக்கிறார். பொறியியல் மாணவராயிருந்த எஸ். ராமகிருஷ்ணன், 1975 ஜனவரியில் பெங்களூரில் கடற்படை அதிகாரிகளுக்கான உடற்தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தமக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரை வைத்து, 1981-ல் சொந்த ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பள்ளிக்கூடமும் பயிற்சிக்கூடமும் தண்டுவடம் பாதித்தோர் தங்கிப் பழகும் இடமும் அங்கே வளர்ந்தன. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. நகரத்து ஆஸ்பத்திரி வாசலில் முடிந்துபோகும் சிகிச்சை, வயலும் வாய்க்காலும் உள்ள இடத்தில் மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது என்பதை ஆய்குடியைப் பார்த்தவர்கள் உணர்வார்கள்.

அறுந்த வடம் மீண்டும் வளருமா? கையிலோ காலிலோ உள்ள நரம்பு அறுந்தால் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் அது வளர்ந்துவிடும். தண்டுவடத்து இழைகள் மட்டும் வளர்வதில்லை. நெடுங்காலம் இது அந்த இழைகளின் பிறவிக் குணம் என்று எண்ணியிருந்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் மான்ட்ரியால் நகரில் ஆல்பர்ட் அகுவாயோவும் அவருடைய கூட்டத்தாரும், காலிலிருந்து எடுத்த நரம்புத் துண்டைப் பாலமாக வைத்தால் தண்டுவடத்து இழைகளும் அதற்குள் வளர்ந்து செல்கின்றன என்று எலிகளில் காட்டினார்கள். இழைக்குச் சக்தி இருக்கிறது. சுற்றியுள்ள மண்தான் அதை வளரவிடாமல் தடுக்கிறது. அந்த மண்ணைப் பண்படுத்தும் முயற்சி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. விளைச்சல் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. இதனிடையே, எஞ்சிய இழைகளைத் தட்டி எழுப்பும் வேறொரு வழி கொஞ்சம் பலித்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், பல ஆண்டுகளாகச் செயலிழந்த கால்களோடு இருந்த ஒருவருக்கு மூளையின் மேலும் தண்டுவடத்தின் மேலும் மின்கருவிகளைப் பதித்து, அவர் நினைத்த மாத்திரத்தில் அந்த நினைப்பு காலுக்குப் போகும்படி செய்து, கட்டைகளின் துணையோடு அவர் நடந்ததை 2023-ல் அறிவித்தார்கள். நெஞ்சம் நெகிழும் செய்தி. அந்தக் கருவி கிருஷ்ணகிரிக்கு வர எத்தனை காலம் ஆகும் என்று சித்தப்பாவே என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

ஆனால் அந்த நம்பிக்கையை விலை பேசி விற்பவர்கள் சீக்கிரமே வந்துவிடுகிறார்கள். ஸ்டெம்செல் ஊசி போட்டால் எழுந்து நடக்கலாம் என்று சொல்லி, நிலத்தை விற்க வைத்தவர்கள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே தண்டுவட முறிவுக்கு அப்படி ஊசி போட்டுக் காசு வாங்குவது முறையன்று. எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். சித்தி அவருக்குக் காப்பி கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்கப்புறமும் ராத்திரியில திருப்பணுமா, வேண்டாமா?" என்று கேட்டாள். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. சித்திக்கு அவரைப் புரிந்துவிட்டது.

ஸ்டோக் மாண்டவிலில் 1948 ஜூலை 29-ஆம் தேதி, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேரை வைத்துக் குட்மான் ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். அந்தப் பதினாறு பேரிலிருந்து முளைத்ததுதான் பாராலிம்பிக். வேலூரிலும் பழைய நோயாளிகள் ஆண்டுதோறும் திரும்பி வந்து கூடும் மேளா ஒன்று நடக்கிறது. சிறுநீரகத்தையும் தோலையும் சோதித்துக்கொள்வதும், பந்தெறிந்து விளையாடுவதும், யார் இந்த ஆண்டு வரவில்லை என்று ஒருவரையொருவர் மெல்லக் கேட்டுக்கொள்வதும் அங்கே சேர்ந்தே நடக்கும். சித்தப்பா ஒரு முறை நாற்காலிப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்து எவர்சில்வர் டம்ளர் ஒன்று கொண்டுவந்தார். காப்பி அதில்தான் குடிப்பார்.

மரம் ஏறுவது போனாலும் புளி போகவில்லை. மாசி பங்குனியில் திண்ணைக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தி, கொட்டை நீக்கிய புளியை எடை போட்டு வாங்கி வியாபாரிகளுக்கு விற்கிறார். பதினைந்து இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரு கைகளையும் ஊன்றி உடலைச் சற்றே தூக்கிக்கொள்கிறார், தராசைப் பார்த்துக்கொண்டே. அது அவருக்குக் கண் இமைப்பதுபோல ஆகிவிட்டது. கட்டிலின் மேலே கட்டிய கயிற்றைப் பிடித்து ராத்திரியிலும் இப்போது தாமே திரும்பிப் படுத்துக்கொள்கிறார். ஆனாலும் சித்திக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கடிகாரம் வேண்டியதில்லை.

"ஏங்க, திரும்பிட்டீங்களா?" என்று இருட்டில் கேட்பாள்.

"திரும்பிட்டேன், தூங்கு" என்பார் அவர்.